கார்பன் டை ஆக்சைடு டிஃப்யூசர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டிக்குள் புதிதாகச் செடி வளர்க்கிறவர்கள், கார்பன் டை ஆக்சைடை நுண்குமிழ்களாக்கி நீரில் கரைக்கும் டிஃப்யூசரைத்தான் பெரும்பாலும் முதலில் வாங்குகிறார்கள். வாயு எதிலிருந்து, எவ்வளவு அழுத்தத்தில் வரப்போகிறது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். டிஃப்யூசரைக் கடைசியாக வாங்குங்கள்.

அழுத்தம் பார்க்காமல் வாங்குவது

ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சலூட்டும் தவறு இது. ஏனென்றால் இதில் சாவது மீன்கள்.

டிஃப்யூசரில் வாயு வெளியேறும் செராமிக் தட்டின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும். அதைத் தள்ளிக்கொண்டுதான் வாயு வெளியே வர வேண்டும். துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு அழுத்தம் தேவை. சாதாரணக் கண்ணாடி டிஃப்யூசர்கள் பலவும் சுமார் 1 பாரில் வேலை செய்துவிடும். ஃபில்டர் குழாயில் இணைக்கும் இன்லைன் வகைக்கு 2 பார், அதாவது 30 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும்.

வாயு உண்டாக்குவதற்காகச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலில் இந்த அழுத்தம் நிலையாக நிற்காது. வாயு தட்டைத் தாண்டுவதற்கு முன்பே மூடியில் குழாய் நுழையும் இடத்தில் கசிந்துவிடும். குமிழ் வரவில்லையே என்று ஈஸ்ட்டைக் கூட்டினால் பாட்டில் உப்பும், மூடி பிய்த்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்கு ஏற்றவை குமிழ் மெல்ல வளைந்து ஏறும் ஏணி வகையும் கவிழ்த்த மணி வகையும்தான். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் இரண்டுக்கும் அழுத்தம் தேவையில்லை.

சிலிண்டர் வைத்திருப்பவர்களிடம் நடப்பது இன்னும் மோசம். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் 1 பாரில் இருக்கும், தொட்டியில் இன்லைன் வகை. ஐந்து நிமிடம் பார்த்தும் குமிழ் இல்லை. வாயுவின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை முழுக்கத் திறப்பார்கள். அப்போதும் வராது. கடைசியில் ரெகுலேட்டரின் திருகைத் திருப்பி அழுத்தத்தை ஏற்றுவார்கள். வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது என்பது அதற்குள் மறந்து போயிருக்கும். வாயு மொத்தமாகக் கொட்டும். சற்று நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

நீடில் வால்வு கட்டுப்படுத்துவது ஓட்டத்தை, அழுத்தத்தை அல்ல. முதலில் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரில் டிஃப்யூசருக்கு வேண்டிய அழுத்தத்தை வையுங்கள். பிறகு குமிழ்களை எண்ண உதவும் பப்பிள் கவுண்டரைப் பார்த்தபடி வினாடிக்கு ஒரு குமிழ் வரும்வரை மெல்லத் திறந்து, கையை எடுத்துவிடுங்கள். குழாய் முழுவதும் அழுத்தம் ஏறிய பிறகுதான் தட்டில் குமிழ் தெரியும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அழுத்தத்தை மாற்றவே முடியாத ரெகுலேட்டர்களும் உண்டு. அப்படியானால் அதன் வெளியீட்டு அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகே டிஃப்யூசரைத் தேர்ந்தெடுங்கள்.

மீன் திணறுவதைப் பார்த்தால் உடனே வாயுவை நிறுத்தி, ஏர் பம்பைப் போட்டு, நீரின் மேற்பரப்பு நன்றாக அலையும்படி செய்யுங்கள்.

பெரிய தட்டுதான் நல்லது என்று நினைப்பது

குறைந்த ஓட்டத்தில் பெரிய தட்டின் ஒரு மூலையிலிருந்து மட்டும் தடித்த குமிழ் கிளம்பும், கரையாமல் மேலே போய் உடையும். 60 செ.மீ. நீளத் தொட்டிக்கு 2 செ.மீ. தட்டு போதும், 90 செ.மீ.க்கு 3 செ.மீ. புதுத் தட்டைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்துவிட்டு மாட்டினால் குமிழ் சீராக வரும்.

இன்லைன் வகையை ஃபில்டருக்கு முன்னால் மாட்டுவது

வாயு ஃபில்டரின் தலைப்பகுதியில் சேர்ந்து, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் கடகடவென்று சத்தம் போடும், சில சமயம் நின்றேவிடும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் குழாயில் மாட்டுங்கள். 12/16, 16/22 (உள்/வெளி விட்டம், மி.மீ.) என்று குழாய் அளவுகள் வேறுபடும், அளந்துவிட்டு வாங்குங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகையே வேண்டாம்.

சிலிக்கான் குழாய்

வாயு அதன் சுவர் வழியாகவே கசியும். பாலியூரித்தேன் குழாய் வாங்குங்கள்.

செக் வால்வை விட்டுவிடுவது

வாயுவை ஒரே திசையில் மட்டும் விடும் இந்த வால்வு இல்லாமல் கூடவே கூடாது. வாயு நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

மேற்பரப்புக்குப் பக்கத்தில் வைப்பது

தட்டு அடிமட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஏறும் குமிழை ஃபில்டரின் நீரோட்டம் செடிகளுக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

தட்டைத் தேய்த்துக் கழுவுவது

பிரஷ் போட்டால் பாசி துளைக்குள் இன்னும் இறங்கும், கண்ணாடித் தண்டும் முறியும். நீர்த்த பிளீச்சில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் மறுபடி போட்டு எடுங்கள். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். குழாயை மாட்டும்போது நுனியை வெந்நீரில் இளக்கிக்கொண்டு, தண்டை இணைப்புக்கு ஒட்டினாற்போலப் பிடித்துச் செருகுங்கள்.

கழுவிய தட்டில் அடைப்பு இருக்காது. அடைபட்டிருந்தபோது வைத்த அமைப்பில் இப்போது வாயு கூடுதலாக வரலாம். எனவே வால்வை மூடிவிட்டு மறுபடி குமிழை எண்ணி வையுங்கள். நீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குடுவைதான் டிராப் செக்கர். 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல் ஊற்றிய டிராப் செக்கர் நிறம் மாற ஓரிரு மணி நேரம் எடுக்கும். பச்சை என்றால் சரி, நீலம் என்றால் போதவில்லை, மஞ்சள் என்றால் உடனே குறைக்க வேண்டும். அந்த நிறத்தைப் பார்த்து உறுதி செய்யும்வரை தொட்டியை விட்டு வெளியே கிளம்பாதீர்கள்.