ஏஐ உள்ள மென்பொருளில் ஆடிட் டிரெயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யார், எப்போது, என்ன செய்தார் என்பதைப் பின்னால் சரிபார்க்க உதவும் பதிவுதான் ஆடிட் டிரெயில்; சுருக்கமாக லாக். லாக்கே இல்லாத மென்பொருளை இப்போது யாரும் எழுதுவதில்லை. இந்தியாவில் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் (ஒவ்வொரு திருத்தத்தின் பதிவு) கட்டாயம். அதை யாரும் நிறுத்தி வைக்கவும் கூடாது. ஆனால் ஏஐ சேர்ந்ததும், நாங்கள் என்றோ செய்து சூடுபட்ட தவறுகளையே புதிதாக வருபவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்வது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு நிதி நிறுவனத்தில் சந்தேகப் பரிவர்த்தனை அலர்ட்டுகளை முதலில் படிப்பது ஏஐ. லாக்கில் இருந்தது அலர்ட் எண், நேரம், 'மூடலாம்' என்ற முடிவு, 0.91 என்ற மதிப்பெண். அவ்வளவுதான். பல மாதம் கழித்து ஆடிட்டர் ஒரு அலர்ட்டைக் காட்டி, "இதை ஏன் மூடினீர்கள்?" என்றார். டீம் அந்த ஏஐ மாடலிடமே கேட்டது. அதுவும் அழகாக ஒரு பத்தி எழுதித் தந்தது. அப்படியே காரணம் என்ற கட்டத்தில் ஒட்டிவிட்டார்கள். அந்தப் பத்தி மேற்கோள் காட்டிய சம்பளச் சான்றிதழ், அலர்ட்டை மூடிய பிறகு அப்லோடு ஆனது! ஆடிட்டர் அந்த ஒன்றோடு நிற்கவில்லை, ஏஐ மூடிய எல்லா அலர்ட்டுகளையும் ஆட்களை வைத்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார்.

மாடலுக்கு அன்றைய முடிவு நினைவில் இருக்காது; கேட்ட நேரத்தில் புதிதாக எழுதித் தரும். மறுபடி ஓட்டிப் பார்த்தாலும் பயனில்லை. மாடலின் பெயர் அதே, உள்ளே பதிப்பு மாறியிருக்கும். பிராம்ப்டை, அதாவது மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையை, யாரோ திருத்தியிருப்பார்கள். வாடிக்கையாளரின் கேஒய்சி விவரமும் மாறியிருக்கும். பதில் எவ்வளவு மாறி மாறி வரலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் டெம்பரேச்சர் அமைப்பைப் பூஜ்யமாக வைத்தால் ஒரே பதில் வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

ஆகவே முடிவு எடுக்கும் அந்தக் கணத்திலேயே பிடித்து வையுங்கள்: அனுப்பிய முழு உரை, பிராம்ப்ட் பதிப்பு, மாடலின் துல்லியமான பதிப்பு எண், எடுத்துக் கொடுத்த ஆவணங்கள், வெட்டாத பதில், எந்த மதிப்பெண்ணுக்கு மேல் 'மூடலாம்' என்ற விதி. தனிநபர் விவரம் இருப்பதால் முழு உரையை என்கிரிப்ட் செய்து தனி இடத்தில் வைத்து, லாக்கில் அதன் ஹேஷை (உரையிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு; உரை மாறினால் இதுவும் மாறும்) மட்டும் போடலாம். மாடல் அப்போதே விளக்கம் சொல்லியிருந்தாலும் அதற்கு 'மாடல் சொன்ன விளக்கம்' என்றே தலைப்பிடுங்கள். உண்மையில் அதை வைத்துத்தான் முடிவெடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

'அதிகாரி சரிபார்த்தார்'

எதைப் பார்த்தார்? எப்போது திறந்தார், திரையில் என்ன இருந்தது, ஏஐ சொன்னதை மாற்றினாரா? ஒரே நிமிடத்தில் நாற்பது அலர்ட்டுக்கு ஒரே ஐடி ஒப்புதல் தந்திருந்தால், ஆடிட்டர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

அட்மின் அழிக்கக்கூடிய லாக்

அது லாக்கே இல்லை. ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் ஹேஷைச் சேர்த்து ஹேஷ் சங்கிலி போட்டாலும் கடைசி ஹேஷை அந்த அட்மினின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் சங்கிலி முழுவதையும் அவரே புதிதாகக் கோத்துவிடலாம்.

நேரம்

எல்லா சர்வரிலும் யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டும் வையுங்கள்.

டிபக் ஃபோல்டரில் விட்டுவிடுவது

ஏஐ லாக் பெரும்பாலும் பிழை தேடுவதற்கென்று வைத்த, 30 நாளில் தானாக அழியும் டிபக் இடத்தில்தான் போய் விழுகிறது. கம்பெனிக் கணக்குகளை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் பரிவர்த்தனைப் பதிவுகளுக்கு 5 ஆண்டு கேட்கிறது. மாடலை வெளியிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால், அவர்கள் பக்கம் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.