1,095 நாள் கணக்கு

கனடியக் குடியுரிமைக்குப் படிக்கிறவர்கள் எல்லோரும் பரீட்சையைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். இருபது கேள்விகளில் பதினைந்து சரியென்றால் போதும். 55 வயது நிரம்பியவர்களுக்கு அதுவுமில்லை. என் காலை வாரிவிட்டது நாள்கணக்கு.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். 2019இல் நான் கூட்டிப் பார்த்தபோது 1,101 வந்தது. அப்பாவின் அந்தியேட்டிக்கு யாழ்ப்பாணம் போன நாள்களை ஒழுங்காகக் கழித்திருந்தேன். நியூ ஜெர்சியில் மச்சாளின் மகளின் சாமத்தியவீட்டுக்குக் காரில் போனதை அடியோடு மறந்துவிட்டேன். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடா நாள்களாகவே கணக்கில் சேரும்; இடைப்பட்ட எட்டு நாள் போய்விட்டது. கையில் எஞ்சியது 1,093. விண்ணப்பம் தள்ளுபடியானது; அதற்குக் கட்டிய 630 டாலரில் நூறுதான் திரும்பி வந்தது.

ஆகவே கணக்குப் போட உட்காருமுன், காலாவதியான கடவுச்சீட்டையும் தேடி எடுங்கள். கடவுச்சீட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். காரில் திரும்பி வந்தபோது கனடிய எல்லையில் யாரும் முத்திரை குத்தவில்லை. தொலைபேசிப் படங்களின் தேதிகளையும் வங்கிக் கணக்கையும் புரட்டுங்கள். அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் கிடைக்கும் வரை இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், மொத்தம் 365 வரைக்கும். எல்லாம் கூட்டிய பிறகும் இரண்டு மாதம் பொறுத்துப் போடுங்கள். அவசரப்பட்டு என்ன கண்டோம்?

வருமான வரிப் படிவம் மூன்று ஆண்டுகளுக்காவது தாக்கல் செய்திருக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமையை விட மனமில்லாதவர்கள் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே அதைத் தக்கவைக்க விண்ணப்பிப்பது நல்லது. இல்லாவிட்டால் அது தானாகவே போய்விடும். மீளப் பெறத் தனியாக அலைய வேண்டும்.

2022இல் என் சத்தியப்பிரமாணம் வீட்டு மேசையில், கணினித் திரைக்கு முன்னால் நடந்தது. அதிகாரி சொன்னதும் கமெராவுக்கு நேரே பிடித்து பி.ஆர். அட்டையை, அதாவது நிரந்தர வதிவிட அட்டையை, வெட்டினேன். சமையலறைக் கத்தரிக்கோல், தடித்த பிளாஸ்டிக், மூன்றாம் முறைதான் அறுந்தது.

வாக்குரிமை அன்றே வந்துவிடுகிறது, ஆனால் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏற வேண்டும். அடுத்த வரிப் படிவத்தில் தேர்தல் திணைக்களத்துக்கு விவரம் அனுப்பச் சம்மதமா என்றொரு கட்டம் இருக்கும்; குடியுரிமை பெற்றவர்கள் மட்டும் அதில் சம்மதம் சொல்லலாம். அதைத் தவறவிட்டாலும் வாக்களிக்கும் நாளிலேயே அடையாள அட்டையோடு போய்ப் பதியலாம். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்கார்பரோவில் எனக்கு முன்னால் நின்ற ஐயா அப்படித்தான் பதிந்தார், பத்து நிமிடம்கூட ஆகவில்லை.