ஒளி ஏற்பிகளைப் படிக்கும்போது தடுக்கும் இடங்கள்

முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பார்கள். பயிர் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். அதையே முளைத்த நாள் முதல் வெயிலில் வைத்திருந்தால் குட்டையாக, பச்சையாக வளர்ந்திருக்கும். "ஒளி பட்டதும் வளர்ச்சி தொடங்குகிறது" என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் இந்தப் பயிரை ஒருமுறை பார்த்தால் போதும். தண்டு நீள்வதை ஒளி குறைக்கத்தான் செய்கிறது.

செடியில் ஒளியை உணரும் புரதங்கள்தான் ஒளி ஏற்பிகள். அவற்றில் சிவப்பு ஒளியை உணரும் பைட்டோகுரோம் நேராகப் போய் மரபணுவை முடுக்கிவிடுகிறது என்று நினைப்பதும் இதே தவறின் தொடர்ச்சிதான். இருட்டில் 'பிஃப்' என்ற புரதங்கள் உட்கருவில் இருந்து தண்டை நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு ஒளி பட்ட பைட்டோகுரோம் உட்கருவுக்குள் நுழைந்து பிஃப்பைப் பற்றிக்கொள்ளும். உடனே பிஃப் மீது பாஸ்பேட் ஏறும். அப்புறம் அழிவுக்கான அடையாளமாக யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒட்டும். சில நிமிடங்களில் பிஃப் சிதைந்துவிடும். இன்னொரு பக்கம், ஒளிக்கேற்ற வளர்ச்சியை நடத்தும் 'ஹெச்ஒய்-5' புரதத்தை இருட்டில் 'காப்-1' என்ற புரதம் அழித்துக்கொண்டிருக்கும்; ஒளியில் காப்-1 அடங்கியதும் ஹெச்ஒய்-5 தப்பித்துக் குவிகிறது. ஒன்றை அழிப்பது, இன்னொன்றை அழியாமல் விடுவது: செய்தி போவது பெரும்பாலும் இப்படித்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. படம் வரையும்போது பைட்டோகுரோமிலிருந்து பிஃப்புக்கு அம்புக்குறி போடாதீர்கள். தடையைக் காட்டும் குறுக்குக்கோடு போடுங்கள்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. பிஆர், பிஎஃப்ஆர் என்பவை பைட்டோகுரோமின் இரண்டு வடிவங்கள்; அந்தந்த வடிவம் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். பிஆர் சுமார் 660 நானோமீட்டர் சிவப்பை உறிஞ்சி பிஎஃப்ஆர் ஆகும். வேலை செய்யும் வடிவம் அதுதான். சுமார் 730 நானோமீட்டர் தூரச் சிவப்பு பட்டால் திரும்ப பிஆர் ஆகிவிடும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் 1952இல் லெட்யூஸ் விதைகள் மீது இரண்டு ஒளியையும் மாறி மாறிப் பாய்ச்சினார்கள். கடைசியில் பட்டது சிவப்பா, தூரச் சிவப்பா என்பதைப் பொறுத்தே விதைகள் முளைத்தன.

பச்சையத்தை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அது ஒளியிலிருந்து ஆற்றல் எடுக்கிறது, ஒளி ஏற்பிகள் ஒளியிலிருந்து தகவல் எடுக்கின்றன.

எல்லா ஏற்பிகளும் உட்கருவுக்குப் போகும் என்பதும் சரியில்லை. நீல ஒளியை உணரும் போட்டோட்ரோபின் செல் சவ்வை ஒட்டியே இருந்து, ஒளி பட்டதும் தன்மேல் தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. காலையில் இலைத்துளை திறக்க, அதன் இருபுறமும் உள்ள காப்புச் செல்களில் புரோட்டான்களை வெளியேற்றும் பம்புக்குப் போகும் செய்தி இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் செய்தி மரபணுவைத் தொடாமலே போய்ச் சேர்ந்துவிடும்.