காசு கட்டுமுன் மொடல் இலக்கத்தைத் தேடுங்கள்

வெளிநாட்டு இணையக் கடையில் பவர் பேங்க், சார்ஜர், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று எது வாங்கினாலும், காசு கட்டுமுன் அதன் மொடல் இலக்கத்தை ஓஈசிடி (OECD, பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நாடுகளின் அமைப்பு) நடத்தும் 'குளோபல் ரீகோல்ஸ்' (GlobalRecalls) தளத்தில் ஒருதரம் தேடிப் பாருங்கள். ஆபத்தென்று பல நாடுகளில் சந்தையிலிருந்து மீளப்பெற்ற பொருட்களின் பட்டியல் அது. 2012இல் தொடங்கியது, இலவசம்.

ஒரு நாட்டில் தீப்பிடிக்கும் ஆபத்தென்று மீளப்பெற்ற பொருள், இன்னொரு நாட்டு விற்பனையாளரிடம் இன்னமும் கிடைக்கலாம்; மொடல் இலக்கம் பெரும்பாலும் அதேதான். திருகோணமலை வரை வந்த பார்சலைத் திருப்பி அனுப்பும் செலவு சிலவேளை பொருளின் விலையையே தாண்டும்.

பெயரோ இலக்கமோ இல்லாத மலிவுச் சாமானுக்கும் போலிக்கும் இது உதவாது (அவற்றை வாங்காமல் விடுவதே நல்லது). பட்டியலில் இல்லையென்பதற்காகப் பாதுகாப்பானது என்றும் எடுக்க வேண்டாம். உள்ளூர்க் கடையில் வாங்கியதென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுங்கள்.