ரிசார்ட் பஃபே நம் வீட்டுக்கு ஒத்துவருமா? பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

நூறு வகைக்கு மேல் உணவு என்று விளம்பரத்தில் பார்த்ததும் யோசிக்காமல் பணம் கட்டியவள் நான். இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒரு ரிசார்ட். மூன்று இரவு, மூன்று வேளையும் பஃபே. அப்பா போன பிறகு அசைவத்தை விட்டுவிட்ட என் அம்மா, அந்த மூன்று இரவும் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஒப்பேற்றினார். வெள்ளை நிறத்தில் இருப்பதை மட்டுமே வாயில் வைக்கும் என் ஆறு வயது மகன் ஐஸ்கிரீமில் உயிர் வாழ்ந்தான். எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டுப் பார்க்கும் என் தம்பியாவது மகிழ்ந்தானா என்றால், இரண்டாம் நாள் இரவே, “அக்கா, இதே கோழியை நேற்று வேறு பெயரில் சாப்பிட்டோம்” என்றான்.

அடுத்த முறை போவதற்கு முன் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது இலங்கைக் கடற்கரை ரிசார்ட்டுகள் என்பதால் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்தே வரும்.

படி 1: வீட்டில் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று எழுதுங்கள்

“சைவம் இரண்டு, அசைவம் இரண்டு” என்று எழுதினால் போதாது. சென்ற வாரம் ஒவ்வொருவரும் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். என் மகனுக்கு எழுதியபோது ஐந்தே வரி வந்தது: வெறும் சோறு, தயிர், இட்லி, நூடுல்ஸ், வெள்ளரிக்காய். பார்த்ததும் பயம் வந்தது; பிறகு அதுவே வசதியாகவும் போனது. இந்த ஐந்தில் மூன்று கிடைக்குமா என்று மட்டும் கேட்டால் போதுமல்லவா?

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி: வேண்டாம் கட்சி, பார்த்துவிடலாம் கட்சி. உங்கள் வீட்டிலும் இருக்கும். வேண்டாம் கட்சிக்குள் ஒரு கோடு போடுங்கள். பிடிக்காததால் வேண்டாம் என்பவர் ஒரு பக்கம். ஒவ்வாமை, விரதம், கொள்கை காரணமாகத் தொடவே கூடாதவர் மறுபக்கம். முதல் வகையினரை ஒரு வேளை சமாளித்துவிடலாம். வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவரிடம் அந்த விளையாட்டுக் கூடாது. அவருக்கு ரிசார்ட் எழுத்தில் பதில் தர வேண்டும்.

படி 2: எத்தனை வேளை மாட்டிக்கொள்கிறீர்கள் என்று எண்ணுங்கள்

அறைக் கட்டணத்தின் பக்கத்தில் பி.பி., எச்.பி., எஃப்.பி. என்று இருக்கும். முதலாவதில் காலை உணவு மட்டும். இரண்டாவது ஹாஃப் போர்டு: காலையும் இரவும். மூன்றாவது ஃபுல் போர்டு: மூன்று வேளையும். ஆல் இன்குளூசிவ் என்றால் இடையில் கொறிப்பதும் குடிப்பதும் சேர்த்தி.

காலை பஃபேயில் பெரும்பாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ரொட்டி, பழம், தயிர், முட்டை, இடியப்பம் என்று ஏதாவது ஒன்று கைகொடுக்கும். சிக்கல் இரவில்தான். ஆகவே இரவு வேளைகளை மட்டும் எண்ணுங்கள். மூன்று இரவு, நான்கு பேர் என்றால் பன்னிரண்டு தட்டு. அந்தப் பன்னிரண்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறீர்கள்.

வெளியே போய்ச் சாப்பிட வழி உண்டா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். ஹிக்கடுவையில் ரிசார்ட்டை விட்டு இறங்கினால் சாலையோரம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். பாசிக்குடாவில் ரிசார்ட் வரிசையைத் தாண்டினால் தெரிவு குறைவு. கடைகள் நிறைந்த ஊரில் ஹாஃப் போர்டு எடுப்பது என் கணக்கில் வீண் செலவு.

விலையின் ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். இலங்கையில் சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம்; வாட் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். காட்டிய விலையோடு 28 சதவீதமாவது கூட்டிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

படி 3: பருவம் பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விருந்தினர் குறைந்தால் பல ரிசார்ட்டுகள் பஃபேயை நிறுத்திவிட்டு, மூன்று நான்கு பதார்த்தங்கள் கொண்ட செட் மெனுவை மேசைக்கே கொண்டுவந்து கொடுக்கும். பத்து அறையில் ஆள் இருக்கும்போது நூறு பேருக்குச் சமைப்பதில் அர்த்தமில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தயிர்சோற்றை நம்பிப் போகும் குடும்பத்துக்கு அது பேரிடி.

பெந்தோட்டை, ஹிக்கடுவை இருக்கும் தென்மேற்குக் கரையில் கூட்டம் டிசம்பர் முதல் மார்ச் வரை. திருகோணமலை, பாசிக்குடா இருக்கும் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. பருவம் தப்பிப் போனால் அறை மலிவாகக் கிடைக்கும். அப்போது “நாங்கள் வரும் நாளில் இரவு பஃபே நிச்சயம் உண்டா?” என்பதுதான் முதல் கேள்வி.

படி 4: படங்களைப் படியுங்கள்

ரிசார்ட் போடும் படத்தை ஒதுக்கிவிட்டு, தங்கியவர்கள் கடந்த இரண்டு மூன்று மாதத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். தர்பூசணியில் செதுக்கிய அன்னத்தைக் கண்டு மயங்க வேண்டாம்; அதை யாரும் சாப்பிடுவதில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் பெயர் அட்டை இருக்கிறதா? பாத்திரங்கள் பெரிதா, சிறிதா? சிறிய பாத்திரம் என்றால் தீரத் தீரப் புதிதாக வரும். பெரிய அண்டாவில் மாலை ஏழுக்கு வைத்தது பத்து மணிவரை அங்கேயே கிடக்கும்.

அடுப்போடு ஒருவர் நிற்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அப்பச்சட்டி, கொத்து ரொட்டித் தகடு, பாஸ்தா அடுப்பு, மீன் வாட்டும் கம்பி. இரு கட்சிக்கும் உயிர்நாடி இதுதான். வேண்டாம் கட்சிக்காரர் “எண்ணெய் மட்டும், காரம் வேண்டாம்” என்று கேட்டு வாங்கலாம். பார்த்துவிடலாம் கட்சிக்காரர் “உள்ளூர்க்காரருக்குப் போடும் காரம் போடுங்கள்” என்று கேட்டு வாங்கலாம். மூடிபோட்ட பாத்திரத்திடம் அப்படிப் பேச முடியாது. ஆளோடு கூடிய அடுப்பு குறைந்தது மூன்று இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்றுமே இல்லையென்றால் மற்ற தொண்ணூறு வகையும் எனக்குப் பொருட்டல்ல.

படி 5: நான்கு கேள்விகளை அனுப்புங்கள்

பணம் கட்டுமுன் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எளிய ஆங்கிலத்தில் கேளுங்கள். நான் கேட்பவை இவை. சென்ற வார இரவு மெனுவை அனுப்ப முடியுமா? எங்கள் மூன்று இரவில் இலங்கை உணவு இரவு எது? மாசியும் முட்டையும் இல்லாத சைவக் கறிகள் எத்தனை இருக்கும்? வெறும் சோறும் தயிரும் இரவிலும் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தயிர் காலை உணவோடு முடிந்துபோகும் இடங்கள் உண்டு. சமையலறையில் தயிர் இருக்கும், கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்கலாம் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் உலர்த்தியது. தூத்துக்குடிப் பக்கத்தவருக்கு அறிமுகம் வேண்டாம். இலங்கைச் சமையலில் அதைச் சீவியும் இடித்தும், நாம் பெருங்காயம் போடுவது போல எதிலும் கொஞ்சம் சேர்ப்பார்கள். தேங்காய்ச் சம்பலில் இருக்கும், மிளகாய்ச் சம்பலில் இருக்கும், சில இடங்களில் பருப்பிலும் கீரைச் சுண்டலிலும் இருக்கும். பார்வைக்கு எல்லாம் சைவம். வட்டிலப்பமும் அப்படித்தான்: தேங்காய்ப்பாலும் கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டியும் ஏலமும் மணக்கும், ஆனால் அதைக் கட்டியாக்குவது முட்டை.

பதில் எப்படி வருகிறது என்பதும் பதில்தான். “எல்லாம் கிடைக்கும், கவலை வேண்டாம்” என்று ஒரு வரியில் வந்தால் சந்தேகப்படுவேன். “சம்பலில் மாசி உண்டு, உங்களுக்குத் தனியாக அரைத்துத் தருகிறோம்” என்று ஓர் இடம் எழுதியது. அங்கேயே அறை போட்டேன்.

படி 6: முதல் இரவு தட்டில்லாமல் ஒரு சுற்று

திறக்கும் நேரத்துக்கே போங்கள். ஒரு கறியின் கரண்டி இன்னொன்றுக்குள் விழுந்திருக்காது, மீன் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு வெந்திருக்காது என்று ஓரளவு நம்பலாம். தட்டை எடுக்காமல் முதலில் முழுச் சுற்று வாருங்கள். எதில் ஆவி வருகிறது, எதில் ஆடை படிந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். ஆறிப்போன மீனையும், வெயில் ஊரில் பனிக்கட்டி இல்லாமல் வைத்த இறால் சாலடையும் பார்த்துவிடலாம் கட்சிகூடத் தொட வேண்டாம்.

அந்த இரண்டாவது ரிசார்ட்டில் முதல் இரவு, அம்மா அப்பச்சட்டி முன்னால் நின்றார். சமையல்காரர் மட்டக்களப்புப் பையன். சிறிய குழிச்சட்டியில் ஒரு கரண்டி மாவு விட்டு, இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினார். விளிம்பில் மாவு சரிகைபோல ஏறிக்கொண்டது. நடுவில் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி. மூடி, திறந்து, கத்தி நுனியால் நெம்பித் தட்டில் வைத்தார். அம்மாவின் கை பக்கத்திலிருந்த சிவப்புச் சம்பலுக்குப் போனது. “அம்மா, அது வேண்டாம், அதில் மாசி இருக்கிறது. உங்களுக்கு வேறு வைத்திருக்கிறேன்” என்று கீழே குனிந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி. அம்மா ஐந்து அப்பம் சாப்பிட்டார். வீட்டில் இரண்டு தோசைக்கு மேல் போகாதவர்.

மகன் அந்த அப்பத்தின் நடு வெள்ளையை மட்டும் தோண்டித் தின்றான். அவன் பட்டியலில் ஆறாவது வரி சேர்ந்தது.

படி 7: பார்த்துவிடலாம் கட்சியை மறக்காதீர்கள்

நாம் எல்லாரும் வேண்டாம் கட்சிக்காகவே கவலைப்படுகிறோம். என் அனுபவத்தில் பஃபேயில் அதிகம் ஏமாறுபவர் மற்றவர்தான். பல நாட்டு விருந்தினர் வரும் இடத்தில், யாருக்கும் உறுத்தாத ருசியில்தான் பஃபே சமைக்கப்படுகிறது. காரம் குறையும், கருவாட்டு மணம் காணாமல் போகும், மீன் முள்ளில்லாத துண்டாகிவிடும். அம்மாவுக்குச் சோறும் தயிரும் கிடைத்தால் கதை முடிந்தது. தம்பிக்கு எதைக் கொடுப்பது?

மெனுவில் சில பெயர்களைத் தேடுங்கள். அம்புல் தியல்: குடம்புளி இனத்தைச் சேர்ந்த கொறக்காவும் மிளகும் அரைத்துப் பூசி, மீனைக் கறுக்க வற்றவிட்ட கறி. பொலோஸ்: பலாப்பிஞ்சை வறுத்த மசாலாவில் மெதுவாக வேகவைத்தது, இது மாசி இல்லாமல் செய்தால் இரு கட்சியும் ஒரே மேசையில் சேரும் இடம். லம்ப்ரைஸ்: டச்சு வழிவந்த பறங்கியர் சமையல், சோறும் கறிகளும் வாழையிலையில் பொதிந்து சுட்டெடுத்தது. எருமைத் தயிரும் கித்துள் பாகும். இவற்றில் மூன்று வாராவாரம் வருகிற இடம் என்றால் சமையலறைக்குத் தன் ஊர்ச் சாப்பாட்டில் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். “இத்தாலி இரவு, மெக்சிகோ இரவு, சீன இரவு” என்று மட்டும் இருந்தால் உங்கள் தம்பியை வெளிக்கடைக்கு அனுப்பப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

கறிகள் சாதுவாக இருந்தால் பரிமாறுபவரிடம், “நீங்கள் உங்களுக்குச் சாப்பிடுவது எது?” என்று கேட்கச் சொல்லுங்கள். தம்பி கேட்டான். மறுநாள் மதியம் பணியாளர் சமையலிலிருந்து கருவாட்டுக் கறி ஒரு சிறு கிண்ணத்தில் வந்தது. எல்லா இடத்திலும் இப்படி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

படி 8: முடிவெடுக்கும் கணக்கு

வேண்டாம் கட்சியில் மிகக் கடினமான ஆளை எடுங்கள். சென்ற வார மெனுவில், ஓர் இரவில் அவர் சாப்பிடக்கூடியது குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதில் ஒன்று வயிறு நிறைவதாக இருக்க வேண்டும். பார்த்துவிடலாம் கட்சிக்கு, மூன்று இரவில் சேர்த்துப் புதிதாக ஐந்து இருந்தால் போதும். இரண்டும் தேறினால் ஹாஃப் போர்டு. முதலாவது தேறி இரண்டாவது தேறாவிட்டால், காலை உணவோடு மட்டும் அறை போட்டு, இலங்கை உணவு இரவில் மட்டும் வாசலில் பணம் கட்டிச் சாப்பிடுங்கள். தங்காதவர்களைக்கூட அனுமதிக்கும் ரிசார்ட்டுகள் நிறைய உண்டு. முதலாவதே தேறாவிட்டால் வேறு இடம் பாருங்கள், கடற்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம், எதுவரை பாதிக் கட்டணம் என்று தனியாகக் கேளுங்கள். இடத்துக்கு இடம் மாறும். என் மகன் மூன்று இரவில் மொத்தம் சாப்பிட்டது ஏழு அப்பத்தின் நடுப்பகுதி. விளிம்புகளை எல்லாம் தம்பி சாப்பிட்டான்.