மாடி பொதுவா, மீட்டர் பொதுவா?

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ‘எல்லாரும் சேர்ந்து சோலார் போடலாமே’ என்று யாராவது வாயைத் திறந்ததும் ‘எத்தனை கிலோவாட்?’ என்றுதான் கேட்கிறோம். அங்கேயே சறுக்கிவிடுகிறோம். எந்த மீட்டரில் இணைக்கப் போகிறோம் என்பதல்லவா முதலில் தெரிய வேண்டும்? மாடியில் இருக்கும் சோலார் பலகையைப் பொது மீட்டரில் இணைத்தால் லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு பில்தான் குறையும், உங்கள் வீட்டு ஏசி பில் அப்படியேதான் வரும். ஆனையூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் வீட்டு பில்லே வராது என்று நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, அப்புறம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஓடந்துறையைச் சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊராட்சி, நல்ல முன்மாதிரிதான். ஆனால் அங்கேயும் வருமானம் ஊராட்சிக்குத்தான் போகிறது, வீடு வீடாகப் பிரியவில்லை.

சரி, அளவுக்கு வருவோம். பொது மீட்டரின் ஒரு வருட பில், அதாவது ஆறு பில், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாத பில் ஒன்றுக்கு 240. ஒரு பில்லின் சராசரி யூனிட்டை இந்த 240ஆல் வகுத்தால் போதும், விற்க வருபவர் சொல்லும் அளவு வேண்டாம். மத்திய அரசு மானியத்திலும் ஒரு குழப்பம் உண்டு: தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், குடியிருப்புச் சங்கத்தின் பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000தான். 78,000ஐ வீட்டு எண்ணிக்கையால் பெருக்கி மனக்கோட்டை கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மானியமும் பலகை ஓடத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

நிழலைச் சித்திரையில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கும்போது தெற்கு ஓரத்துச் சின்டெக்ஸ் தொட்டியின் நிழல் நீண்டு வந்து பலகை மேல் படுக்கும், ஒரு பலகை மங்கினால் அதே வரிசையில் உள்ள மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடும்.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா? பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில் ஓடாது. கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று இன்வெர்ட்டரே நிறுத்திக்கொள்ளும். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் முதல் மின்வெட்டிலேயே செயலாளருக்குப் போன் பறக்கும்.

கழுவும் ஆள் யார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். எங்கள் மாடியில் வாட்ச்மேன் உச்சி வெயிலில் போர் தண்ணியைப் பீய்ச்சி அடித்தார், காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. இப்போது காலை ஆறு மணிக்கு மாநகராட்சித் தண்ணீர் ஒரு வாளி, பழைய பருத்தித் துணி, வாரத்துக்கு ஒரு வீடு முறை.