ரீஃப் டேங்கில் ஐப்டேசியா: மீனை விட்டு ஒழிப்பது எப்படி?

உங்கள் ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், பாறை இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒன்று நிற்கிறதா? உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், விரல்கள் நீண்டு கூராக இருக்கும், குச்சியால் லேசாகத் தொட்டால் சட்டென்று ஓட்டைக்குள் போய்விடும். அதுதான் ஐப்டேசியா. கடற்சாமந்தி இனம். லைவ் ராக்கிலும் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) புதுப் பவளத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். வந்தபின் பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே இடத்தைப் பிடித்துவிடும். குட்டையாக, விரல் நுனி உருண்டு, பச்சை கலந்து இருந்தால் அது மஜானோ என்ற வேறொரு கடற்சாமந்தி. அதை மீன் தின்றுவிடும் என்று நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். நான் இங்கே சொல்வது ஐப்டேசியாவுக்கு மட்டும்.

மீனைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம்: பிய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். பாறையில் ஒட்டிய அடிப்பாகத்தில் துணுக்கு மிஞ்சினால் போதும், அது புதிதாக முளைத்துவிடும். ஒன்றை எடுக்கப் போய் பத்தை வளர்த்த கதையாகிவிடும்.

முதல் வேலை: எந்த மீன்?

தொட்டியைப் பார்த்துத்தான் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் இரண்டு மீன்களின் பெயரைச் சொல்வார்கள்: காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன், ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ்.

காப்பர்பேண்ட் அழகு. வெள்ளி உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் கண் மாதிரி ஒரு கரும்புள்ளி, இடுக்குக்குள் நுழையும் நீண்ட மூக்கு. ஆனால் 20 சென்டிமீட்டர் வரை வளரும். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை அடைத்து வைப்பது பாவம். சாப்பாட்டிலும் பிடிவாதக்காரன், கடையிலேயே பட்டினி கிடந்து மெலிந்தது நிறைய உண்டு.

சிறிய தொட்டி என்றால் ஃபைல்ஃபிஷ்தான் என் தேர்வு. பழுப்பும் பச்சையும் கலந்து, சருகு மாதிரி இருக்கும். சூழலுக்கேற்ப நிறத்தை மாற்றும். தூங்கும்போது ஒரு கிளையை வாயால் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். சுமார் 10 சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு குறை: சோவாந்திட் போன்ற மென்பவளங்களையும் சதைப்பற்றுள்ள பவளங்களையும் கொத்தக்கூடும். காப்பர்பேண்டும் குழாய்ப்புழுவையும் பெரிய சிப்பியையும் விட்டுவைக்காது. உங்களிடம் விலையுயர்ந்த பவளம் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீனும் ஐப்டேசியா தின்னும்தான், ஆனால் பவளத்தையும் சேர்த்துத் தின்னும். ரீஃப் டேங்கில் வேண்டவே வேண்டாம்.

பெர்கியா என்று ஒரு கடல்நத்தை உண்டு. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆனால் இந்த மீன்கள் இருக்கும் தொட்டியில் விட்டால் அதுவே இரையாகிவிடலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது: வாங்கும்போது

எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருப்பவர்கள் கடல்மீன் வாங்க ஈப்போ போவதுதான் வழக்கம். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கடைக்காரரிடம், “அண்ணே, இது சாப்பிடுவதைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேளுங்கள். உறைந்த மைசிஸ் இறாலைப் போட்டதும் பாய்ந்து வந்தால் வாங்கலாம். வயிறு ஒட்டி, முதுகுச் சதை வற்றியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

பையை ஸ்டைரோஃபோம் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள். மதிய வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

மூன்றாவது: தனித்தொட்டி

நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். பையை 20 நிமிடம் மிதக்க விட்டு, அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, உப்பளவைச் சரிபார்த்துவிட்டு, தனித்தொட்டியில் 4 வாரமாவது வைத்திருங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் இங்கேயே தெரிந்துவிடும். தாமிர மருந்து போடுவதானால் இங்கே மட்டும்தான். பவளம் இருக்கும் தொட்டியில் தாமிரம் பட்டால் இறாலும் பவளமும் செத்துவிடும்.

இந்த நாட்களில்தான் அதற்குச் சாப்பிடப் பழக்க வேண்டும். பசாரில் விற்கும் லாலா சிப்பியை வாங்கி, ஒரு நாள் உறைய வைத்து, ஓட்டோடு திறந்து உள்ளே வையுங்கள். காப்பர்பேண்ட் முதலில் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு அந்த நீண்ட மூக்கால் ஓரத்தில் ஒரு கொத்து. அந்த முதல் கொத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மருந்து எதுவும் போடாத தொட்டி என்றால் ஐப்டேசியா உள்ள சிறு கல் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். தின்கிறதா இல்லையா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

நான்காவது: பெரியவற்றை நாமே ஒழிப்பது

மீன் சின்ன ஐப்டேசியாவைத்தான் முதலில் தொடும். கொட்டும் பெரியதைக் கண்டால் தயங்கும். ஆகவே பெரியவற்றை நாமே கொல்ல வேண்டும். அக்வேரியத்துக்கென்று விற்கும் கால்க்வாசர் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, சிரிஞ்சால் ஐப்டேசியாவின் வாயில் வையுங்கள். இது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மாதிரிதான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பம்பை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், பிஎச் (தண்ணீரின் காரத்தன்மை) ஏறிவிடும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

ஐந்தாவது: மீனை விட்டபின்

விளக்கை அணைத்துவிட்டு மாலையில் விடுங்கள். பழைய மீன்கள் துரத்தாமல் இருக்கும். தொடங்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பசியாக இருந்தால்தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள்; மெலிந்த மீன் ஒளிந்துகொள்ளும், வேட்டையாடாது. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மிச்சம் கிடக்கும் அளவுக்குப் போட்டால் ஐப்டேசியாவுக்கும் விருந்துதான்.

சம்ப் (வடிகட்டிகள் இருக்கும் துணைத் தொட்டி), ஓவர்ஃப்ளோ பெட்டி (தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டி), குழாய் இங்கெல்லாம் மீன் போகாது. அங்கே இருப்பவற்றை நீங்களேதான் தேடி ஒழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எந்த மீனும் உதவாது.

டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, காற்று பம்பையும் நிறுத்திவிடுங்கள். அந்த மருந்து மீனுக்கும் இறாலுக்கும் எமன். புகை கலைந்ததும் பம்பை மறக்காமல் போடுங்கள்.

ஐப்டேசியா தீர்ந்தபின்

மீன் இன்னும் பல வருடம் வாழும். சிப்பியும் மைசிஸும் தின்னப் பழகியிருந்தால் பிரச்சினை இல்லை. இடமில்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். கடலிலோ ஆற்றிலோ விடக் கூடாது.

இனி வாங்கும் எந்தப் பவளத்தையும் அது ஒட்டி வரும் அடிக்கட்டையோடு தொட்டிக்குள் போடாதீர்கள். வழக்கமான மருந்துக் குளியலுக்கு ஐப்டேசியா சாவதில்லை. கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பவளத்தை மட்டும் புதுக் கட்டையில் ஒட்டுங்கள்.